சூடு காட்டும் முள்

நேற்று சாலையோரத்தில் விட்டுப்போன காரின் ரேடியேட்டர் மூடியைப் பழந்துணியால் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான் அண்ணன். அவள் பக்கத்திலேயே நின்றாள். உள்ளே தண்ணீர் வற்றிப்போயிருக்க வேண்டும், எங்காவது ஓட்டை விழுந்து ஒழுகியிருக்க வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினாள். சொந்தக் கார் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று யாராவது வேண்டிக்கொள்வார்களா? அவள் வேண்டிக்கொண்டாள்.

மூடி கையோடு வந்தது. வாய் விளிம்புவரை பச்சை நிறத் தண்ணீர் நின்றது.

“கொஞ்சம் கொறஞ்சிருக்கு போல,” என்றான்.

“எங்க கொறஞ்சிருக்கு? ததும்புது.”

அண்ணன் மூடியைத் திரும்பப் போட்டான். வேறு ஊரில் பட்டறை வைத்திருப்பவன். பானெட்டைத் தூக்கிவிட்டால் இன்ஜினோடு சேர்ந்து அவனும் ஓடுவான், வாய் மூடாது. இன்றைக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. அப்பா இறந்ததால்தான் இப்படி இருக்கிறான் என்று முதலில் நினைத்திருந்தாள்.

நேற்று நண்பகலில் அப்பாவுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. பின் சீட்டில் அம்மா மடியில் அவரைச் சாய்த்து, அவள்தான் ஓட்டினாள். வழி கேட்டு லைட்டைப் போட்டாள், ஹாரனை அடித்துக்கொண்டே போனாள். இந்த இடத்துக்கு வந்தபோது சூடு காட்டும் முள் சிவப்புக்குள் போய் நின்றது. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அப்பா. சிவப்பில் முள் நிற்கும்போது வண்டியை ஓட்டுவது கொலைக்குச் சமம் என்று சொல்லிச் சொல்லியே அவளை ஓட்டப் பழக்கியவர். அவரே பின்னாலிருந்து எக்கி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் கையை நீட்டி, முள்ளைப் பார்த்துக் கையை ஆட்டினார். பேச்சு வரவில்லை. “நிறுத்தச் சொல்றாருடி, நிறுத்து,” என்றாள் அம்மா. அவள் நிறுத்தினாள். ஆறட்டும் என்று காத்திருந்து, போகிற வண்டிகளைக் கையெடுத்துக் கும்பிட்டு, கடைசியில் ஒரு ரொட்டிக்கடை வேன் ஏற்றிக்கொண்டபோது இருபத்து மூன்று நிமிடம் போயிருந்தது.

“அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்,” என்றார் டாக்டர். நடையில் அவளிடம் மட்டும் சொன்னார். அதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நிஜமாகவே இன்ஜின் கொதித்திருந்தால் அவள்மேல் பழியில்லை. எப்படியும் அது பாதி வழியில் படுத்திருக்கும். அது தெரியாமல் அவரை வழியனுப்ப முடியாது என்றுதான், நாலு மணிக்கு அப்பாவை எடுக்க வேண்டிய வீட்டிலிருந்து அண்ணனைக் காலையிலேயே இங்கே இழுத்து வந்திருந்தாள்.

“ஸ்டார்ட் பண்ணு,” என்றாள்.

“இப்ப எதுக்கு? கட்டி இழுத்துட்டுப் போயிடலாம்.”

“பண்ணுண்ணா.”

இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் முள் நடுவுக்கு வந்து நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. ஃபேன் தானாக ஓடியது, தானாக நின்றது. புகை இல்லை, கொதிக்கிற சத்தம் இல்லை. அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நேத்து லைட் போட்டிருந்தியா?” என்று கேட்டான்.

“போட்டிருந்தேன். வழி விடட்டும்னு.”

அவன் லைட்டைப் போட்டான். நடுவில் நின்ற முள் மெல்ல எழுந்து சிவப்புக்குள் போனது. அணைத்தான். இறங்கி வந்தது.

“சூடே இல்ல. பேட்டரிலேருந்து பாடிக்குப் போற எர்த் வயர் துருப்பிடிச்சிருக்கு. லைட் போட்டா முள்ளு பொய் சொல்லும்.”

டிக்கியிலிருந்து ஒரு கேபிளை எடுத்து வந்து, ஒரு முனையை பேட்டரியில் மாட்டினான். மறுமுனையைக் காரின் உடம்பில் எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினான். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு, அவனைப் போய் லைட்டைப் போட்டு முள்ளைப் பார்க்கச் சொன்னாள். வைத்தாள்.

“இறங்கிடுச்சு,” என்றான் உள்ளேயிருந்து.

எடுத்தாள்.

“ஏறுது.”

வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். ஐந்தாறு தடவைக்குப் பிறகு அண்ணன் இறங்கி வந்து அவள் கையிலிருந்து கேபிளை வாங்கினான். “போதும் விடு.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“ரெண்டு மாசம் முன்னாடி வந்தப்பப் பாத்தேன். ஒரு முழ வயர், பத்து நிமிஷ வேலை. அடுத்த தடவை மாத்திடறேன்னு சொன்னேன்.” ஊரார் கார்களையெல்லாம் சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுக்கிறவன், குனிந்து கேபிளைச் சுருட்டினான். “நான் பண்ணதுதான்.”

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அந்தக் கோபமே ஒரு ஆறுதலாகவும் இருந்தது. பழியைத் தூக்கிவைக்க ஒரு இடம் கிடைத்த ஆறுதல். அது கொஞ்ச நேரம்தான் நீடித்தது.

“அப்பாகிட்ட என்ன சொன்ன?”

“லைட் போட்டா முள்ளு ஏறும், கண்டுக்காம ஓட்டுங்கன்னு சொன்னேன்.”

“அவருக்குத் தெரியும்.”

“தெரியும்.”

அவள் சாலையோரத்தில் உட்கார்ந்தாள். சீட்டுகளுக்கு நடுவில் நீண்டிருந்த கை. விரல்களை விரித்து, முள்ளைக் காட்டிக் காட்டி ஆட்டிய கை. அது ஒன்றுமில்லை, அதை விடு, போ என்றிருக்கிறார். அவள் இன்ஜினை அணைத்த பிறகும் அந்தக் கை ஆடிக்கொண்டேதான் இருந்தது. அண்ணனுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு லைட்டைப் போடாமல் காரை வீட்டுக்கு ஓட்டி வந்தார்கள். ஒரு மூச்சில் வந்து சேர்ந்தது.

கூடத்தில் அப்பாவின் தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே, அப்பாவோடு பஸ் ஓட்டிய, மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர். அழுது தொண்டை கட்டிப்போன அம்மா, காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னதையே அவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உயிர் போற நேரத்துலயும் என்னைப் பாக்கல, பெத்த பொண்ணைப் பாக்கல. அந்தக் காரு, என் சக்களத்தி, அதுக்குச் சூடாயிடுச்சுன்னு கைய ஆட்டி நிறுத்தச் சொல்றாரு. அவளுக்குப் புரியல. நான்தான் சொன்னேன். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்திருக்கேன், அவரு கையாட்டினா என்னன்னு எனக்குத் தெரியாதா?”

கண்ணாடிக்காரர் தன்னை மறந்து சிரித்தார். “அவர் அப்படித்தாம்மா,” என்றார். அம்மாவும் சிரித்தாள். அழுகைக்கு நடுவிலான சிரிப்புதான், ஆனாலும் நேற்றிலிருந்து அந்த முகத்தில் வந்த முதல் சிரிப்பு.

அப்புறம் அம்மா அவர்களைப் பார்த்தாள்.

“வண்டி என்னாச்சு? ரொம்பக் கொதிச்சிருச்சா?”

அண்ணன் வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

“ஆமாம்மா. பொட்டுத் தண்ணி இல்ல. நீ நிறுத்தச் சொன்னதால தப்பிச்சோம்.”

“நான் எங்க சொன்னேன், அவருல்ல சொன்னாரு,” என்றாள் அம்மா. பக்கத்தில் இடம் விட்டு மகளை இழுத்து உட்கார்த்திக்கொண்டாள். அவள் கையில் அப்பியிருந்த கிரீஸைப் பார்த்து, “என்னடி இது,” என்று தன் கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தாள். கறுப்பு போகவில்லை. அம்மா கைக்குட்டையை மடித்து, சுத்தமான பக்கத்தைத் திருப்பி மறுபடியும் துடைத்தாள்.