தேனு சொன்னது

அந்த ஞாயிற்றுக்கிழமை வராமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று புவனேஸ்வரி வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள். மழை பிடித்துக்கொள்ளலாம். மகளுக்குப் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கலாம். ஆனால் விடிந்தபோது வானம் வெளுத்துக் கிடந்தது. மகள் குளித்துத் தலை பின்னிக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியோடு வாசலில் நின்றாள்.

அன்று 'ரயில் கேட் தேனு' வாசகிகள் வருடம் ஒருமுறை கூடும் நாள். ஐந்து புத்தகங்களாக வந்த அந்தச் சிறுவர் நாவலில் தேனு ஒரு கேட் கீப்பரின் மகள். ஊருக்கு வெளியே, பேச ஆளில்லாத கேட் வீட்டில் வளர்கிறவள். கடந்துபோகிற ஒவ்வொரு ரயிலிலும் ஒரு ஜன்னலைத் தனக்கென்று எடுத்துக்கொள்வாள். அங்கே உட்கார்ந்திருப்பவர் எங்கே போகிறார், எதற்குப் போகிறார், அவருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று தண்டவாளம் அதிர்ந்து அடங்குவதற்குள் ஒரு கதை கட்டிவிடுவாள். அந்தக் கதைகளைப் படித்து வளர்ந்த பெண்கள் நரைத்த பிறகும் அவளை விடவில்லை. ஆடிப்பெருக்கு தேனுவின் பிறந்த நாள். அதை ஒட்டிய ஞாயிறில் காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் பாதையில் ஒரு ரயில்வே கேட் ஓரமாகக் கூடுவார்கள். வேகவைத்த வேர்க்கடலை தின்றபடி ரயிலுக்குக் காத்திருந்து, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக் கதை சொல்வார்கள்.

புவனேஸ்வரி மகளுக்கே தேனு என்று பெயர் வைத்தவள். வாசகிகளின் வாட்ஸப் குழுவில் அவளுக்கு இருந்த மரியாதை அந்தப் பெயரால் வந்தது.

பெயருக்குரிய பெண்ணோ பேசவில்லை. ஊமையில்லை; கேட்டதற்குப் பதில் வரும். சாப்டியா என்றால் சாப்ட்டேன். பள்ளியில் என்ன நடந்தது என்றால் ஒண்ணுமில்ல. இரவில் பக்கத்தில் படுக்கவைத்து அந்தப் புத்தகங்களைப் படித்துக் காட்டியபோதும் அப்புறம் என்ன ஆனது என்று அவள் ஒரு முறையும் கேட்டதில்லை. கணக்கு நன்றாக வந்தது. கழன்ற பிளக்கைத் தானே மாட்டிவிடுவாள். புவனேஸ்வரி கம்ப்யூட்டரில் வேலை செய்யும்போது பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்காகச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தச் சும்மா இருத்தலைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை.

பட்டுப் புடவைகளின் பார்டருக்கும் முந்திக்கும் டிசைன் போட்டுத் தருவது புவனேஸ்வரியின் தொழில். திரையில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். மயிலின் கழுத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் தறியில் நெய்து வரும்போது அது ஓட்டையாகத் தெரியும். விட்டுப்போன இடத்தைக் கண்டால் கை தானாகப் போய் நிரப்பிவிடும். நிரப்பாத கட்டங்களும் புடவைதான், அங்கே ஜரிகை ஏறாமல் பட்டு மட்டும் ஓடும் என்பது அவளுக்குத் தெரியாதது அல்ல.

மகளுக்கு ஏழு வயதானபோது குழுவில் யாரோ கேட்டார்கள்: உங்க தேனு என்ன பேசுறா? புவனேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். மகள் தரையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். புவனேஸ்வரி எழுதினாள்: "வரதர் கோயில் கூரையில இருக்கிற தங்கப் பல்லி ராத்திரியில கீழ இறங்கி வந்து பூச்சி பிடிச்சுத் தின்னுட்டு, விடியறதுக்குள்ள மேல ஏறித் திரும்பத் தங்கமாயிடுமாம். தேனு சொன்னது."

இதயங்கள் வந்து குவிந்தன. அன்றைக்கு அவள் அடைந்த சந்தோஷத்தில் பொய் சொன்ன உறுத்தலே இல்லை. மகள் அதைச் சொல்லியிருக்கக்கூடியவள்தான், வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றியது. பிறகு வாரம் ஒன்று எழுதினாள். அறுந்த இழையை முடிச்சுப் போட்டால் இழைக்கு வலிக்குமா என்று தேனு கேட்டாள். மழைக்கு எந்த வீட்டு வாசல் பிடிக்கும் என்று தேனு கேட்டாள். எட்டு வருடத்தில் அந்தக் குழுவில் ஒரு பெண் வளர்ந்து பெரியவளாகியிருந்தாள். வீட்டிலிருந்தவளுக்கு அவளைத் தெரியாது.

கூட்டத்துக்கு மகளை அழைத்துப் போகாமல் இருக்க ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் கிடைத்தது. இந்த வருடம் சின்னக் காஞ்சிபுரத்து அம்ருதவல்லி மாமி விடவில்லை. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அடுத்த மாதம் மகனோடு பூனாவுக்கே போய்விடப் போகிறாள். போவதற்குள் ஒரு தரம் அந்தக் குழந்தையைப் பார்த்துவிட வேண்டும் என்று போன் செய்தாள். மகள் மறுத்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் புவனேஸ்வரி கேட்டாள்.

"போலாம்மா," என்றாள் மகள். "உனக்கு புடிக்கும்ல."

ஸ்கூட்டரில் அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு வந்தாள். வழியில் புவனேஸ்வரி இரண்டு முறை வண்டியை ஓரம் கட்டிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். என்ன சொல்வது? உன்னைப்போல் ஒருத்தியைச் செய்து வைத்திருக்கிறேன், உன்னைவிட அவளை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றா? இரண்டு முறையும் வண்டி நிற்காமல் ஓடிவிட்டது.

புங்க மர நிழலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மாமி மந்தாரை இலையில் வைத்துக் கோயில் இட்லி கொண்டுவந்திருந்தாள். மகளைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள்.

"இவதானா! ஏண்டி, உன்னால எனக்குக் கோயில்ல பல்லியத் தொடவே கை வரலை. பாவம், ராத்திரி பூரா பூச்சி பிடிச்ச களைப்புல தூங்கறதேன்னு விட்டுட்டு வந்துடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு யாரும் நிறுத்தவில்லை. வாலாஜாபாத்தில் நர்ஸாக இருக்கும் கிரேஸ், தையல் போடும்போதெல்லாம் இழைக்கு வலிக்குமா என்ற கேள்விதான் ஞாபகம் வருகிறது என்றாள். சென்னையிலிருந்து வந்த ஸ்நேஹா மழை பற்றிய வாக்கியத்தைப் போனில் முகப்புப் படமாக வைத்திருந்தாள், கொண்டுவந்து காட்டினாள். படத்தின் கீழே சிறிய எழுத்தில் 'தேனு, ஒன்பது வயது' என்று இருந்தது. மகள் அதை வாங்கி நிதானமாகப் படித்தாள். நல்லா இருக்குது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். மறுக்கவில்லை. நான் சொல்லவில்லை என்ற பதிலைப் புவனேஸ்வரி எந்த நேரமும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அது வராமல் வராமல், வந்துவிட்டாலே தேவலை என்றாகிவிட்டது.

கேட் மூடியது. செங்கல்பட்டு ரயில் வந்தது. அவரவர் ஜன்னலை அவரவர் பிடித்தார்கள். கிரேஸின் ஜன்னலில் ஒரு கிழவர் சண்டை போட்டுப் பிரிந்த தம்பியைப் பார்க்கப் போனார். ஸ்நேஹாவின் ஜன்னலில் ஒரு பெண் வேலையை விட்டுவிட்டுச் சமுத்திரம் பார்க்கப் போனாள். கடைசியில் எல்லோரும் மகள் பக்கம் திரும்பினார்கள்.

ரயில் போன திசையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தோணல," என்றாள். "ஜன்னல் தெரிஞ்சிது. ரயில் போயிடிச்சி."

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜன்னல் தெரிஞ்சுது, ரயில் போயிடுத்து. அவ்வளவுதானே எல்லாம்? நாமெல்லாம் வளவளன்னு பேசினோம், குழந்தை ரெண்டு வார்த்தையில சொல்லிடுத்து பாரு."

யாரோ கைதட்டினார்கள். ஸ்நேஹா குனிந்து போனில் எழுதத் தொடங்கினாள். மகள் முகத்தில் அப்போதுதான் ஏதோ ஒன்று மூடிக்கொண்டதைப் புவனேஸ்வரி பார்த்தாள். மகள் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். அதையும் குழுவில் வளர்ந்த அந்த இன்னொருத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பும்போது ஊருக்குள் நுழைவதற்கு முன் இன்னொரு கேட் மூடியிருந்தது. ஷேர் ஆட்டோக்களுக்கும் பைக்குகளுக்கும் நடுவே வண்டியை அணைத்துவிட்டு நின்றார்கள். புவனேஸ்வரியின் கைப்பைக்குள் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"எத்தினி வருசமா எழுதிக்கினு இருக்க?" பின்னாலிருந்து குரல் வந்தது. கோபம் இல்லாத குரல்.

"நீ சின்னப் பொண்ணா இருந்தப்போலேருந்து."

"எல்லாமே நீ எழுதினதா?"

"ம்."

சரக்கு ரயில் வரத் தொடங்கியது. ஜன்னலே இல்லாத பெட்டிகள். அந்தச் சத்தத்தில் பேச்சு முடிந்துவிடும் என்று புவனேஸ்வரி நம்பினாள். மகள் காதருகே குனிந்தாள்.

"நான் நெஜமாவே சொன்னது ஒண்ணாச்சும் அதுல இருக்குதாமா?"

புவனேஸ்வரி தேடினாள். எழுதியவை எல்லாம் வரிசையாக வந்தன, பல்லி, இழை, மழை. அவற்றை விலக்கிவிட்டுப் பின்னால் போகப் போகச் சாப்ட்டேன், ஒண்ணுமில்ல, சரி, தெரியல என்பதற்கு மேல் எதுவும் கைக்கு அகப்படவில்லை. தன் பிள்ளையின் சொல் ஒன்றுகூட ஒரு தாயிடம் இல்லாமல் போகுமா? பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. பிறகு ஒன்று வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் டெங்கு காய்ச்சலில் தான் படுத்திருந்தபோது, போய் விளையாடும்மா, இங்கயே உக்காந்திருந்தா உனக்கு சலிச்சிப் போவும் என்று சொன்னதற்கு, கட்டிலோரம் இருந்த மகள் பதில் சொன்னாள். அதைப் புவனேஸ்வரி எங்கேயும் எழுதவில்லை. காய்ச்சல் விட்டபோது மறந்தே போயிருந்தது.

"எனக்கு ஜுரம் வந்தப்போ," என்று அவசரமாகத் திரும்பினாள். "போய் விளையாடுன்னு சொன்னேன். நீ போவல. 'பேசாத. நீ மூச்சு வுடுறது கேட்டுக்கினே இருக்கேன், எனக்கு அதே போதும்'னு சொன்ன. இது நெஜம். இத நான் யாருக்கும் சொன்னதில்ல."

மகள் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எனக்கு ஞாபகமில்லையே," என்றாள். "இதுவும் நீ எழுதுற மாதிரிதாம்மா இருக்குது."

கடைசிப் பெட்டி போயிற்று. புவனேஸ்வரிக்குச் சத்தியம் செய்யலாம் என்று தோன்றியது. எந்தக் கோயில் பெயரைச் சொன்னாலும் நம்பவைக்க முடியாது என்றும் தோன்றியது. அந்த அறையை, ஈரத்துணியை, கட்டிலோரத்து நிழலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். எல்லாம் வந்தன. குரல் மட்டும் வரவில்லை. அன்று காய்ச்சல் நூற்று நான்குக்குப் போயிருந்தது. அந்த வாக்கியத்தை மகள் சொல்லிக் கேட்டோமா, சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டோமா என்பது இப்போது அவளுக்கே பிடிபடவில்லை.

கேட் உயர்ந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "வண்டிய எடுமா, தூங்கிக்கினு இருக்கியா," என்றார்.

அவள் வண்டியைக் கிளப்பினாள். தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கும்போது தூக்கிப் போடும், தன் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்து மெதுவாகவே ஓட்டினாள். மகள் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.