செருப்பைத் தட்டுகிறவன்

யாரை மிகவும் வெறுத்தீர்கள் என்று பல் டாக்டரம்மா கேட்டதும், நூலக மாடி அறையில் இருந்த கைகள் ஏறக்குறைய எல்லாமே மேலே போயின. நாவலில் வரும் கணவனைத்தான் எல்லாரும் சொன்னார்கள். அந்த வாசகர் வட்டத்தின் வழக்கம் அது. ஒரு புத்தகத்தைப் படித்து முடித்ததும் பிடித்த பாத்திரத்துக்கும் பிடிக்காத பாத்திரத்துக்கும் கை தூக்குவார்கள்; பேச்சு அதன் பிறகுதான். எழுதியவரை அழைத்து எதிரே உட்கார வைப்பதும் உண்டு. இந்த நாவலை எழுதியவள் போய்ச் சேர்ந்துவிட்டதால், அவள் உட்கார வேண்டிய நாற்காலியில் அவள் கணவனான நான் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்துக் கதை. கடற்கரையை அளக்க ஒரு துரை வருகிறான். சுங்கச் சாவடியில் கணக்கெழுதும் எழுத்தன் ஒருவனின் மனைவி அவன்மேல் ஆசை கொள்கிறாள். எழுத்தன் அதிகம் பேசமாட்டான். தினமும் காலையில் மனைவியின் செருப்பைக் கையில் எடுத்து, கவிழ்த்து, வாசற்படியில் இரண்டு தட்டுத் தட்டி வைப்பான். அவன் அப்படிச் செய்யாமல் அவள் தெருவில் இறங்க முடியாது.

"செருப்புல ஒட்டியிருக்கிற மண்ணைப் பாக்குறான் சார், அவ எந்தப் பக்கம் போயிட்டு வந்தான்னு!" என்றார் பல் டாக்டரம்மா. "படிக்கப் படிக்க எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு."

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு," என்றாள் வங்கியில் வேலை பார்க்கும் பெண். "செருப்பைத் தொடாது. நான் குளிக்கப் போனா என் போனைத்தான் நோண்டும்."

அறை சிரித்தது. ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் மட்டும் முகத்தைச் சுளித்தார். "அதெல்லாம் சரிம்மா. நம்ம ஆளுன்னா சந்தேகப் பிராணி, துரைன்னா காதல் தெய்வமா? நாட்டைப் பிடுங்க வந்தவனுக்கு இவ்வளவு மெல்லிய மனசா? அவன் வாயில இப்படிச் சுத்தமா நம்ம பாஷை வேற வருது!"

"காதல் வந்தா பாஷை வராதா அண்ணே?" என்றாள் வங்கிப் பெண்.

"எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு. இருந்த பாஷையும் போயிருச்சு."

மறுபடியும் சிரிப்பு. அது அடங்கும்போது, மூலையில் இருந்த தையற்காரர் தயங்கியபடி சொன்னார்: "தேள் கீள் இருக்கும்னு தட்டுறானோ என்னவோ."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் அங்கே போனதே இப்படி ஒரு வார்த்தை காதில் விழுமா என்றுதான்.

"கதை முழுக்கத் தேளே வரலையே," என்றார் பல் டாக்டரம்மா. "நீங்களா ஏன் ஒண்ணைப் பிடிச்சு உள்ள விடுறீங்க?"

தையற்காரர் அடங்கிவிட்டார். அவர்மேல் தவறில்லை. கதையில் தேள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த நாவலுக்கு மெய்ப்புப் பார்த்தவனே நான்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்தவன் என்பதால் சின்ன எழுத்துக்கு என் கண் பழகியது. சர்க்கரை நோய் அவள் பாதங்களிலிருந்து உணர்ச்சியை எடுத்துக்கொண்ட வருடம் அது. முள் குத்தினாலும் தெரியாது, செருப்பைப் பார்த்துப் போடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவளுக்கு மறந்துபோகும். நான் தட்டி வைப்பேன். அந்தத் தட்டலை அவள் எழுத்தன் கையில் கொடுத்ததைப் படித்தபோது முதலில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

"எதுக்குத் தட்டுறான்னு ஒரு வரி போட்டுடேன். ஒரு தேளைப் போடு," என்றேன்.

"போட்டா அவன் நல்லவனாயிடுவான். அப்புறம் அவ எப்படிங்க அவனை விட்டுட்டுப் போவா?"

"போகாட்டி என்ன?"

"மூணாவது அத்தியாயத்துலயே கதை முடிஞ்சுரும். நீங்க பிழையை மட்டும் பாருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

வெளியீட்டு விழாவுக்குக் கிளம்பும்போது வாசலில் அவளுடைய தோழிகள் காரில் காத்திருந்தார்கள். நான் வழக்கம்போல் குனிந்தேன். "இன்னைக்கு ஒரு நாளாவது விடுங்க. எல்லாரும் பாக்குறாங்க," என்று செருப்பைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்போது அவள் சிரித்தாளா என்று நினைவைக் கிளறிக் கிளறிப் பார்க்கிறேன். குனிந்திருந்ததால் முகம் எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை முழுவதும் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது ஒரு சிறிய கூழாங்கல் உருண்டது, தரையில் ரத்தம். முதலில் விரல் போயிற்று, பிறகு பாதம். பிறகு அவளே.

வங்கிப் பெண் தனக்குப் பிடித்த இடத்தை எழுந்து நின்று வாசித்தாள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கதாநாயகி துரையின் படகை நோக்கி வெறுங்காலுடன் ஓடும் இடம். 'சுடும் மணலை அவள் விரல் விரலாக உணர்ந்தாள்' என்று முடியும். எல்லாரும் கைதட்டினார்கள்.

"அனுபவிச்சு எழுதியிருக்காங்க," என்றார் பல் டாக்டரம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். இப்படி ஒரு புருஷனை அவங்க எங்க பாத்திருப்பாங்க?"

தையற்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு நோயும் இருந்தது, கல்லும் இருந்தது. சொன்னால் தூக்கிய கைகளைச் சங்கடத்தோடு இறக்கிக்கொள்வார்கள். ஆனால் நான் தட்டி வைத்தது அவளுக்கும் சிறையாக இருந்ததா என்பதை இவர்களால் எப்படிச் சொல்ல முடியும்? அவள் எழுதிய வரிகளை நம்பினால் இவர்கள் சொல்வதுதான் சரி.

"எங்கேயாவது பாத்திருப்பா," என்றேன்.

நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள். நான் எல்லாருக்கும் முன்னால் வெளியே வந்தேன். கதவுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. குவியலின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில், அவள் கடைசியாகப் போட்டதைப் போலவே குதி தேய்ந்த ஒரு ஜோடி. குனிந்ததோ எடுத்ததோ எனக்கே தெரியவில்லை. கவிழ்த்துச் சுவரில் தட்டிக்கொண்டிருந்தேன்.

"சார்."

பல் டாக்டரம்மா வெறுங்காலுடன் வாசற்படியில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் நின்றுவிட்டார்கள்.

"அது என்னோடது சார்."

உள்ளிருந்து ஒன்றும் விழவில்லை. பாதியில் நிறுத்தத் தெரியாமல் மற்றதையும் எடுத்து இரண்டு தட்டுத் தட்டி, முனைகள் தெருவைப் பார்க்கும்படி இரண்டையும் சேர்த்து அவர் முன்னால் வைத்தேன். அவர் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கால் படியிலிருந்து இறங்கிச் செருப்புக்கு மேலே வந்து, அதைத் தொடாமல் அப்படியே நின்றது.