பொய் ஜோடிகள்

காலை பத்தேமுக்கால். பதினொன்றுக்குக் கட்டுரையை ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறார்கள். கூட்ட அறைக்குக் கேக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் வானியல் ஆய்வாளரான அவள் கட்டுரையின் கடைசிப் படத்துக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தாள்.

மூன்று வருட வேலை. இரண்டு விண்மீன்திரள் கொத்துகளுக்கு நடுவே கரும்பொருள் பாலம் போல ஓடுகிறதாம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் ஈர்ப்பு, பின்னால் உள்ள விண்மீன்திரள்களின் ஒளியை வளைத்து, அவற்றைத் துளியூண்டு நசுக்கிக் காட்டும். ஆயிரக்கணக்கான ஜோடிக் கொத்துகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பாலம் தெரிய வேண்டும். தெரிந்தது.

அது நிஜமா என்று சோதிப்பது அவள் பொறுப்பு. வானத்தில் ஒட்டி நிற்பதுபோலத் தெரிந்தாலும், உண்மையில் ஒன்றுக்கு வெகுதூரம் பின்னால் மற்றொன்று கிடக்கும் பொய் ஜோடிகளை எடுத்து அதே கணக்கைப் போட வேண்டும். அங்கே பாலம் வரவே கூடாது. வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

இப்போது படத்தின் அடியில் எழுதுவதற்காக, எத்தனை பொய் ஜோடிகள் என்று பார்த்தாள். பூஜ்யம்.

கணினி நிரலில் ஒரு குறியைத் திருப்பிப் போட்டிருந்தாள். ஒரு ஜோடிகூட உள்ளே வரவில்லை. ஆளே இல்லாத வகுப்பில் யாரும் பேசவில்லை என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறாள்.

குறியைச் சரிசெய்து ஓடவிட்டாள். மூன்று நிமிடம் ஆகும் என்றது மடிக்கணினி.

"அக்கா, வாங்க! தலைவர் கத்தியோட நிக்கிறார்" என்றான் பக்கத்து மேசை ஒட்டகம். நீளக் கழுத்துக்கு வைத்த பெயர். "கேக் வெட்டத்தான். ஏன் இப்படி வெளிறிப் போறீங்க?"

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. திறந்தால், அடுத்த மாதம் முடியும் வேலை ஒப்பந்தம் அதோடு சரி. மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

"சார், அனுப்பாதீங்க. பொய் ஜோடிச் சோதனை நடக்கவே இல்ல. ஜோடியே இல்லாம ஓட்டியிருக்கேன். என் தப்பு."

ஆய்வுக் குழுத் தலைவரின் கத்தி கேக்குக்கு மேலேயே நின்றது. "இப்ப ஓடுதா?"

"ரெண்டு நிமிஷம் பாக்கி."

யாரும் உட்காரவில்லை. திரையில் படம் மேலிருந்து கீழாக இறங்கியது. இடப்பக்கம் ஒரு கொத்து. வலப்பக்கம் ஒன்று. நடுவே பாலம். அதே பாலம், அதே தடிமன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"ஏம்மா, இல்லாத ஒண்ண இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல."

அவர் கத்தியை வைத்துவிட்டு, கட்டுரை அனுப்பும் பக்கத்தை மூடினார்.

"நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வா. தனியா. உன் ஒப்பந்தத்தப் பத்திப் பேசணும்."

அவள் மடிக்கணினியை மூடினாள்.