ஹாலில் உட்கார்ந்திருந்த என்ஜின்

வேன்காரர் வீட்டு ஹாலில், சோபாவுக்கு நேரெதிரே, ஒரு பழைய டயரின் மேல் வேனின் என்ஜின் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பூப்போட்ட போர்வை வேறு. புதிதாக வருகிறவர்கள், யாரோ பெரியவர் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்த வீட்டுக்குப் புதிதாக யார் வருகிறார்கள் என்பது வேறு விஷயம். தண்ணீர் கேன் போடுகிறவன் ஒருவன்தான் வந்து போனான். அவனுக்கும் பழகிவிட்டது.

வேன்காரர் என்றதும் வேன் ஓட்டிப் பிழைத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். பொழுதெல்லாம் வண்டிக்கு அடியில் கால் மட்டும் வெளியே தெரியக் கிடப்பதால் தெரு அவருக்கு வைத்த பெயர் அது. வேனும் லேசுப்பட்டதில்லை. ஊரில் உள்ள வண்டிக்கெல்லாம் முன்னால் இருக்கிற என்ஜின் இதற்குப் பின்னால் இருக்கும். மூஞ்சி மட்டும் ரொட்டித்துண்டு மாதிரி மொண்ணையாக இருக்கும். மகன் தொட்டிலில் கிடந்த காலத்தில் வாங்கியது. மகனுக்கு இப்போது முன்வழுக்கை விழுந்துவிட்டது. வேனுக்குப் பெயின்ட் அப்படியே இருக்கிறது. இரண்டையும் திட்டித் திட்டி வளர்த்த வீட்டுக்கார அம்மாள்தான் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

போன லீவுக்கு மகன் வந்திருந்தபோது வேன் எண்ணெய் ஒழுக்கியது. என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் சீல் உண்டு. வளையல் அளவுதான் இருக்கும். ஆனால் அதை மாற்ற மொத்த என்ஜினையும் இறக்கியாக வேண்டும். அப்பாவும் பிள்ளையுமாக இறக்கினார்கள். புது சீல் கைக்கு வருவதற்குள் ஆபீசிலிருந்து மகனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னான்:

"அப்பா, தனியா இதுல கையை வைக்காதீங்க. இடுப்பு பிடிச்சுக்கும். அடுத்த லீவுக்கு நான் வரேன், ரெண்டு பேருமா ஏத்திடலாம்."

சீல் வந்தது, மாட்டியும் ஆயிற்று. மகனுக்குத்தான் லீவு கிடைத்தபாடில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போன் வரும். நல்லா இருக்கீங்களா, இருக்கேன், சாப்டாச்சா, ஆச்சு, சரி வைக்கட்டா. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும். என்ஜின் ஹாலுக்குக் குடி வந்த பிறகு பேச்சு நீண்டது. "என்ஜின் எப்படிப்பா இருக்கு?" என்று சம்பந்தி வீட்டாரை விசாரிப்பது போல மகன் கேட்பான். கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறதா, அடி போல்ட்டில் துரு இருக்கிறதா என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் போகும். நடுவில் அவனாகவே தலைவலி, மேலதிகாரி, பிள்ளையின் சேட்டை எல்லாம் சொல்வான். வேன்காரர் போர்வைக்கு மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்படியே விட்டிருக்கலாம். எதிர்வீட்டுத் தையல்காரம்மா விடவில்லை.

அந்த அம்மாளின் மெஷின் ஜன்னலோரம். கால் மிதிக்கும், கை துணியைத் தள்ளும், கண் தெருவில் இருக்கும். ஒருநாள் காலை வேன்காரர் வாசலைக் கூட்டும்போது ஜன்னல் வழியாகவே கேட்டாள்:

"ஏண்ணே, வண்டி முட்டுக்கட்டை மேல நின்னு நின்னு அதுக்கே கால் மரத்துப் போயிருக்கும். ஏத்த முடியலையா? கை விட்டுப் போச்சா?"

"கையா? எனக்கா?"

"இல்ல, எங்க மாமனாரும் கடைசிக் காலத்துல இப்படித்தான், ரேடியோவைப் பிரிச்சுப் போட்டுட்டு, நாளைக்கு நாளைக்குன்னு..."

கடைசிக் காலத்தில் என்றதுதான் சுருக்கென்று தைத்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சக்கரம் வைத்த பலகையில் என்ஜினை ஏற்றி, கடகடவென்று வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். பூப்போட்ட போர்வையைக்கூட எடுக்கவில்லை.

வேனின் பின்பக்கம் ஏற்கனவே உயரத்தில் நின்றது. என்ஜினை அடியில் தள்ளி, ஜாக்கி கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். தூக்குவது பெரிய வித்தை இல்லை. கியர்பாக்ஸிலிருந்து ஒரு பல் வைத்த தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அது கிளட்ச் தட்டின் நடுத்துளையில் பல்லுக்குப் பல் பொருந்தி உள்ளே போக வேண்டும். அதற்கு ஒருவர் அடியில் படுத்து முட்ட, இன்னொருவர் பின்னாலிருந்து என்ஜின் சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். வேன்காரர் அடியில் படுத்து முட்டினார், எழுந்து வந்து திருப்பினார், மறுபடி படுத்தார். படுப்பதும் எழுவதுமாக அவர் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் தையல்காரம்மா கத்தரிக்கோலோடு தெருவைக் கடந்து வந்தாள்.

"தள்ளுங்கண்ணே, சக்கரத்தை நான் திருப்பறேன். பொழுதன்னைக்கும் அதைத்தானே பண்றேன்."

"மெதுவாத் திருப்பும்மா. தைக்கிற வேகம் வேண்டாம்."

"காஜா எடுக்கிற வேகம் போதுமா?"

போதுமாக இருந்தது. ஒரு சின்ன குலுக்கலோடு என்ஜின் சறுக்கி உள்ளே போய் உட்கார்ந்தது. நான்கு போல்ட்டையும் முறுக்கி, பெட்ரோல் குழாய், ஒயர் எல்லாம் மாட்டி, வேன்காரர் மாப்பிள்ளை மிடுக்கோடு ஓட்டுநர் சீட்டில் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தார். கால் நேராகத் தரையில் போய் விழுந்தது.

கேபிள்! முன்னாலிருந்து வருகிற ஆக்சிலேட்டர் கேபிளை, என்ஜின் ஏறும்போதே அதன் தகட்டிலுள்ள துளை வழியாக இழுத்துவிட வேண்டும். ஏறிய பிறகு கை நுழையாது. இத்தனை வருஷத்தில் அவர் ஒருதடவைகூட மறந்ததில்லை. ஏனென்றால் ஒருதடவைகூட அது அவர் வேலையாக இருந்ததில்லை. கேபிளைப் பிடிப்பது எப்போதும் மகன். தொட்டிலை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்ததிலிருந்தே.

"என்னாச்சுண்ணே?"

"ஒண்ணுமில்ல. மறுபடி இறக்கணும்."

தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் போகவில்லை.

இரண்டாம் தடவை ஏற்றி, சாவியைத் திருப்பியதும் வேன் இருமியது, புகையைக் கக்கியது, பிறகு கொட்டு கொட்டு என்று பிடித்துக்கொண்டது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. யாரோ கை தட்டினார்கள். வேன்காரர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். பெரிய சாலை வரை போய்ச் சிக்னலில் நின்றபோதுதான், போவதற்கு ஓர் இடம் வேண்டுமே என்று உறைத்தது. பின்னால் மூன்று வரிசை சீட்டும் காலி. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே நிறுத்தினார். ஹாலில் டயர் மட்டும் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"என்ஜின் எப்படிப்பா இருக்கு?"

ஏத்தியாச்சுடா, சிங்கம் மாதிரி ஓடுது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொன்னால் அடுத்த பேச்சு என்ன? அடுப்பிலிருந்த பாலைப் பார்த்தார்.

"அப்படியேதான் இருக்கு," என்றார். "கிளட்ச் தட்டுதான் கொஞ்சம் சந்தேகமா இருக்கு."

அவ்வளவுதான். தட்டைப் பற்றி மகன் அரை மணி பேசினான். பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் பொய் தானாக வளர்ந்தது. கார்புரேட்டரில் கசிவு வந்தது, போல்ட் ஒன்றில் மரை போனது, வேன் பாவம், பேச்சில் படாத பாடு பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வண்டியைத் தொடுவதே இல்லை. போனில் சத்தம் கேட்டுவிடுமாம். மற்ற நாட்களில் காய்கறிக் கடை வரை ஓட்டிப்போய், திருடிய வண்டியைப் போல ஓசைப்படாமல் கொண்டுவந்து நிறுத்துவார்.

பிறகு மகன் சொன்னான்: "அப்பா, லீவு சொல்லிட்டேன். முழுசா அஞ்சு நாள். வந்து ஏத்திடறேன். அதுவரைக்கும் தொடாதீங்க, சரியா?"

"நான் எதுக்குடா தொடப்போறேன்," என்றார் வேன்காரர்.

மறுநாள் காலை எதிர்வீட்டு ஜன்னலில் மெஷின் சத்தம் நின்றது. வேனுக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. தையல்காரம்மா வந்து குனிந்து பார்த்தாள்.

"என்னண்ணே ரிப்பேர்?"

"ரிப்பேர் இல்ல. இறக்கறேன்."

"நல்லா ஓடற வண்டியையா?"

அவர் அடியிலிருந்தே விஷயத்தைச் சொன்னார். முகம் தெரியாதபோது சில விஷயங்களைச் சொல்வது சுலபம். தையல்காரம்மா குந்தி உட்கார்ந்து ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

என்ஜின் டயருக்குத் திரும்பி வந்தது. ஆனால் பார்த்தால் காட்டிக்கொடுத்தது: புதிதாக முறுக்கிய போல்ட்டெல்லாம் பளபளவென்று மின்னின. மாதக்கணக்கில் சும்மா கிடந்த என்ஜினுக்கு இந்த மினுக்கு ஏது? பழைய எண்ணெய் தடவித் தூசி போட வேண்டும் என்றார் வேன்காரர். அவர் வீட்டில் தூசி போதவில்லை.

"உங்க வீட்டுல கிடைக்குமாம்மா?"

"எங்க வீட்டுல தூசியா? நல்லாக் கேட்டீங்க!" என்று சிலிர்த்துக்கொண்டு போனவள், சற்று நேரத்தில் முறத்தை முந்தானையால் மூடி எடுத்து வந்தாள். "மெஷினுக்கு அடியில எடுத்தது. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

தெருவின் வாயை அடைக்கும் பொறுப்பையும் அவளே ஏற்றாள். "வேன் ஓடுச்சுன்னு எவளாவது வாயைத் திறந்தா, அவ இடுப்பளவைத் தெருவுக்கே சொல்லிடுவேன்." எல்லா வீட்டு அளவும் அவளிடம் இருந்தது. ஒருவரும் மூச்சு விடவில்லை.

மகன் வந்தான். ஐந்து நாளையும் வேன்காரர் மனசுக்குள் பங்கு போட்டு வைத்திருந்தார். முதல் நாள் துடைப்பது, மறுநாள் சரிபார்ப்பது, பிறகு ஏற்றுவது, கேபிளில் ஒரு சிக்கல், கடைசி நாள் ஒரு சுற்று. நடுவில் வேனுக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேச நிறையப் பொழுது.

மகன் குளித்துவிட்டு நேராக வேலையில் இறங்கினான். வரும் வழியெல்லாம் போனில் என்ஜின் ஏற்றுகிற வீடியோ பார்த்தானாம். தெரிந்த ஒர்க்ஷாப்பிலிருந்து சக்கர ஜாக்கி கொண்டுவந்திருந்தான். போர்வையை எடுத்து, போல்ட் ஒன்றை விரலால் தடவிப் பார்த்தான். விரலில் ஒரு சிவப்பு நூல் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்றில் மஞ்சள் நூல். அப்பாவைப் பார்த்தான். வேன்காரர் ஸ்பேனர் பெட்டிக்குள் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தார். மகன் நூலை ஊதிவிட்டான்.

கேபிளை முதலிலேயே துளை வழியாக இழுத்துக் கட்டிக்கொண்டான். "சக்கரத்தை நான் திருப்பட்டுமா?" என்று அப்பா வந்து நின்றபோது, "வேண்டாம்பா, நீங்க உக்காருங்க," என்றான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்தார். வெயில் நன்றாக இருந்ததால் அதற்கும் வேலை இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் என்ஜின் ஏறி, வண்டி கொட்டு கொட்டு என்று ஓடிக்கொண்டிருந்தது.

மகன் கையைத் துடைத்தபடி போனை எடுத்துப் பார்த்தான்.

"அப்பா, வேலை சீக்கிரமா முடிஞ்சிடுச்சில்ல... நாளைக்குக் காலையிலயே டிக்கெட் இருக்கு. வீட்ல அவ பிள்ளையோட தனியா இருக்கா. கிளம்பட்டா?"

வேன்காரர் ஏற்கனவே துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"கிளம்பு, கிளம்பு. உனக்கு ஆயிரம் வேலை இருக்கும்." துணியை மடித்தார். "ஆனா அந்தச் சத்தம் என்னன்னு மட்டும் பார்த்துட்டுப் போயிடு."

"என்ன சத்தம்?"

"டிக் டிக்னு. உனக்குக் கேக்கல?"

மகன் காதைக் கொடுத்தான். "இல்லையேப்பா."

எதிர் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "எனக்கே இங்க கேக்குதே தம்பி! போன வாரம் காய்கறிக் கடைக்குப் போ..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போன வாரம் என் மெஷின்லயும் இதே மாதிரிதான் கேட்டுச்சு. விட்டுட்டேன், ஊசி உடைஞ்சு போச்சு."

மகன் ஜன்னலைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தான். முனையை என்ஜின் மேல் வைத்து, பிடியில் காதை அழுத்திக் கண்ணை மூடினான். என்ஜின் ஒரு பிசிறில்லாமல் ஓடியது.

"ஒண்ணும் தெரியலப்பா."

"சூடாகணும். சூடானாத்தான் வரும். கொஞ்சம் நில்லு."

வேன்காரர் அவன் பக்கத்தில் வந்து குனிந்தார். இரண்டு தலைகளும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன. மகன் ஸ்க்ரூடிரைவரை வேறொரு இடத்தில் வைத்தான்.

"இங்கயாப்பா?"

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றார் வேன்காரர்.