சுற்றிப் போன விமானம்

விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும் என்று தரையில் உட்கார்ந்து முடிவு செய்வதுதான் அவளுடைய வேலை. ஜன்னல் இல்லாத அறை, மேஜையில் நான்கு திரைகள், ஏசி குளிருக்கு ஒரு பழைய ஸ்வெட்டர். எத்தனை முறை விளக்கினாலும் அம்மாவுக்கு அது பிடிபட்டதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்குக் குழந்தை பிறந்திருந்தது. அம்மா தனியாகப் புறப்பட்டாள். பதினான்கு மணி நேரப் பயணம். அன்று அந்த விமானத்துக்கு வழி போடும் முறை மகளுக்கே வந்தது. பதறுவாளே என்று அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

வழக்கமான நேர்வழியில் எதிர்காற்று மூர்க்கமாக வீசியது. அதில் போனால் நடுவில் எங்காவது இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியிருக்கும். அவள் தெற்கே வளைந்து போகும் வேறொரு வழியைப் போட்டு அனுப்பினாள். கேப்டன் உடனே போன் செய்தார்.

"மேடம், அறுநூறு கிலோமீட்டர் கூட வருதே?"

"தூரம்தான் சார் கூட. அந்தப் பக்கம் காத்து முதுகுல கைவச்சுத் தள்ளும். எங்கயும் நிக்காம, அரை மணி முன்னாடியே போயிடலாம்."

அவர் காற்று வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, காத்துள்ளபோதே தூத்திக்குவோம்" என்று ஒப்புக்கொண்டார். அம்மா அதில் வருவதை அவரிடமும் அவள் சொல்லவில்லை.

பாதி வழியில், அம்மாவின் பக்கத்து இருக்கைக்காரர் எதிரே இருந்த சின்னத் திரையைக் காட்டி, "நேரா போறத விட்டுட்டு இப்படிச் சுத்துறாங்களே, வழி தப்பிட்டாங்களோ" என்றார். அம்மா பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். ஓய்வு நேரத்தில் அந்தப் பக்கமாக வந்த கேப்டனை மறித்துக் கேட்டேவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா. காத்து பாத்துப் போட்ட வழி இது. நானே முதல்ல சந்தேகப்பட்டேன். அந்த மேடம் சொன்ன மாதிரியேதான் போயிட்டிருக்கோம்" என்ற கேப்டன், மேடத்தின் பெயரையும் சொன்னார்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவ என் பொண்ணு, தம்பி."

கேப்டன் குனிந்து அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்து இருக்கைக்காரர் சட்டென்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்க ஆரம்பித்தார். விடுவாளா அம்மா? மீதி வழி முழுக்க அவருக்கு மகள் புராணம்தான்.

இறங்கியதும் மகளுக்குப் போன் வந்தது.

"வந்து சேந்துட்டேன் கண்ணு. இவ்வளவு பெரிய பிளேனுக்கு வழி காட்டுறவளப் பெத்துட்டு, இத்தன நாளா வெறும் கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன் பாரு."

"தம்பி வந்துட்டானாம்மா?" என்று மட்டும் கேட்டாள் மகள்.

"எங்க? நீதான் அரை மணி முன்னாடி கொண்டுவந்து விட்டுட்டியே. அவன் இன்னும் சட்டையே போட்டிருக்க மாட்டான்."