வெள்ளைத்தாளில் எழுதிய ஏழு பேர்

ராஜாங்கம் சாருக்குப் பத்தாம் வகுப்பின் கடைசி இரண்டு பெஞ்சையும் கண்டாலே ஆகாது. காலாண்டுத் தேர்வு விடைத்தாளைக் கொடுத்த அன்றைக்கு, இங்கிலீஷில் முப்பத்தைந்து வாங்காத ஏழு பேரை அவர்தான் அங்கே கொண்டுபோய்த் தள்ளினார். அத்தோடு விட்டாரா? மறுநாளிலிருந்து அவர் உள்ளே நுழைந்ததும் குட் மார்னிங் சொல்ல எல்லாரும் எழுந்தால், "நீங்க ஏழு பேரும் சொல்ல வேணாம், என் பொழுதாவது நல்லா விடியட்டும்" என்பார். முன் பெஞ்சுப் பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்காவிட்டால் அதற்கும் திட்டு விழும் என்று அதுகளுக்குத் தெரியும்.

சாலம்மாள் அந்த ஏழில் ஒருத்தி. வாங்கியது பத்தொன்பது. மலைமேல் கரியாலூர்ப் பக்கமிருந்து பிழைக்க இறங்கி வந்து, மலையடிவாரத்தில் குடிசை போட்ட வேடியப்பனின் இளைய மகள். மூத்தவள் எட்டோடு நின்று திருப்பூர் மில்லுக்குப் போனாள். மூன்றே வருஷத்தில் பஞ்சுத்தூசி நெஞ்சில் அடைத்து இருமிக்கொண்டே திரும்பி வந்தாள். சின்னவள் எப்போது நிற்பாள் என்று, அக்காவை மில்லுக்குக் கூட்டிப்போன ஏஜெண்டு மாசம் ஒரு தடவை வீட்டுப் பக்கம் வந்து பல்லைக் காட்டிவிட்டுப் போவான். பள்ளிக்கூடத்தில் பேர் இருக்கிற வரைக்கும்தான் அவனை விரட்ட முடியும். அதனால் சாலம்மாள் ராஜாங்கம் சாரின் வாயைப் பொறுத்துக்கொண்டாள். பொறுத்தாளே தவிர மன்னிக்கவில்லை. அவருடைய வண்டி வழியில் பஞ்சராக வேண்டும் என்று தினமும் காலையில் வேண்டிக்கொள்வாள். பாழாய்ப்போன வண்டி ஒரு நாளும் பஞ்சராகவில்லை.

ஐப்பசி அடைமழை பிடித்த வாரத்தில் சார் திடீரென்று கடிதப் பாடத்தை எடுத்தார். நோட்ஸில் இருக்கிற நாலாவது கடிதம். தலைமையாசிரியருக்கு டி.சி. கேட்டு ஒரு மாணவன் எழுதுவது. என் தந்தைக்கு மதுரைக்கு மாற்றலாகிவிட்டது, நாங்கள் குடும்பத்தோடு போகிறோம், ஆகவே என் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்புங்கள் என்று இங்கிலீஷில் ஒரு பக்கம். முன் பெஞ்சுப் பிள்ளைகள் நோட்டில் எழுதின. கடைசி பெஞ்சுக்கு மட்டும் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார்.

"ஒரு அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. அப்பன் பேரு, உன் பேரு, கீழ கையெழுத்து. புரிஞ்சுதா?"

சாலம்மாள் மூன்று தடவை எழுதினாள். முதல் இரண்டையும் அவர் கிழித்து அவள் தலையிலேயே போட்டார். மூன்றாவதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அவர் திட்டாமல் வாங்கிய முதல் தாள் அதுதான். பைத்தியக்காரப் பெண், அன்றைக்கெல்லாம் சந்தோஷமாக இருந்தாள்.

கார்த்திகை பிறந்ததும் அரசுத் தேர்வுக்குப் பேர் அனுப்பும் வேலை வந்தது. பேரும் பிறந்த தேதியும் சரிதானா என்று பார்க்க, ராஜாங்கம் சார் பட்டியலை வகுப்பில் வாசித்தார். நாற்பது பேர் படிக்கிற வகுப்பில் முப்பத்து மூன்றோடு பட்டியல் முடிந்தது.

சாலம்மாள் எழுந்தாள். "சார், என் பேரு வரலிங்க."

"எப்படி வரும்? நீதான் டி.சி. கேட்டு எழுதிக் குடுத்துட்டியே."

"அது நீங்க எழுதச் சொன்ன பாடம் சார்!"

"கையெழுத்து யாருது? உன்னுதுதான? இன்னா, சத்தம் ஜாஸ்தியாவுது?"

அடப் பாவி மனுஷா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு. இங்கே ஏழு பிள்ளைகளை ஒரு கோப்புக்குள் மறைத்திருந்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளி போன வருஷம் நூற்றுக்கு நூறு காட்டிக் கேடயம் வாங்கியதிலிருந்து இந்தப் பள்ளிக்கும் நூறு வேண்டியிருந்தது. தேறாததை முன்கூட்டியே கழித்துவிட்டால் நூறு தானாக வரும். தலைமையாசிரியர் காசிநாதனுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். எப்படி என்று கேட்காமல் இருக்கும் அளவுக்குத் தெரியும்.

மற்ற ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சாலம்மாள் குனியவில்லை. நேரே தலைமையாசிரியர் அறைக்கு நடந்தாள். பின்னாலேயே ராஜாங்கம் சார் கோப்போடு வந்தார். அவருக்கு அதிலும் ஒரு கணக்கு இருந்தது. கடிதங்களில் பெற்றோர் கைநாட்டு மட்டும்தான் பாக்கி. வேடியப்பன் ஒரு மாசமாகவே பள்ளிச் சுற்றுச்சுவருக்குக் கடைக்கால் தோண்டும் வேலையில் இருந்தார்.

"அவ அப்பனையே கூப்பிடுங்க சார், கையோட முடிச்சிடலாம்" என்றார்.

வேடியப்பன் முழங்கால் வரை சேறோடு வந்து வாசலுக்கு வெளியே நின்றார். ராஜாங்கம் சார் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"உம் பொண்ணுக்கு இங்கிலீசு ஏறல. எழுதினா ஃபெயிலுதான். பேரு கெட்டுப்போறதுக்கு முன்னாடி நின்னுக்கறது நல்லது. இங்க ஒரு கைநாட்டு வெய்யி."

வேடியப்பன் கட்டைவிரலை மையில் ஒற்றிவிட்டார். வாத்தியார் சொன்னால் வைக்க வேண்டியதுதான் என்பது அவர் பழக்கம். சாலம்மாளுக்கு அப்பன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அப்பா, வெக்காத! அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு கேளு!"

விரல் அந்தரத்தில் நின்றது. "இன்னா எழுதியிருக்குது பாப்பா? படி."

ராஜாங்கம் சார் தாளை இழுத்தார். காசிநாதன், "குடுங்க சார், படிக்கட்டும்" என்றார். எப்படியும் படிக்கத் தெரியாது என்ற நம்பிக்கைதான்.

அவள் படித்தாள். ஒரு வரி இங்கிலீஷில், அதே வரி தமிழில். பாடமாகக் கேட்டு மூன்று தடவை எழுதிய கடிதம், எங்கே தடுக்கும்? மதுரை வந்ததும் வேடியப்பன் வாயைப் பிளந்தார்.

"நா எங்க மதுரைக்குப் போனேன்? கள்ளக்குறிச்சிய தாண்டினதே இல்லியே. ஒரு மாசமா உங்க கடைக்கால்லதான் நின்னுகினு இருக்கேன்."

காசிநாதன் கோப்பைத் தன் பக்கம் திருப்பிப் புரட்டினார். அவள் கையிலிருந்ததோடு சேர்த்து ஏழு தாள். ஏழு கூலிக்கார அப்பன்களும் மதுரைக்கு மாற்றலாகியிருந்தார்கள். இது மேலே போனால் யார் தலை உருளும் என்று அவருக்குச் சட்டென்று புரிந்தது.

வேடியப்பன் அவரைப் பார்த்தார். "பெரிய சார், ஒண்ணு கேக்கறேன். இதுல இங்கிலீசு தப்பு எதுனா இருக்குதுங்களா?"

"தப்பில்ல" என்றார் காசிநாதன், வேறு வழியில்லாமல்.

"உங்க கையில குடுக்கற அளவுக்கு இங்கிலீசுல தப்பில்லாம எழுதியிருக்குது. படிச்சும் காட்டிச்சி. அப்புறம் எப்படிங்க ஃபெயிலாவும்?"

ராஜாங்கம் சார், "கூலிக்காரன்லாம் கேள்வி கேக்கற காலம்" என்று பல்லைக் கடித்தார். வேடியப்பன் மைவிரலை வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

காசிநாதன் பேனாவைத் திறந்தார். பட்டியலின் அடியில் சாலம்மாளின் பேரையும் பிறந்த தேதியையும் எழுதினார்.

"எழுதியாச்சி. வாய மூடிகினு கெளம்பு. வெளிய யாராண்டயும் பேசக் கூடாது."

சாலம்மாள் கிளம்பவில்லை. கோப்பிலிருந்த மற்ற ஆறு தாளையும் கையில் எடுத்தாள்.

"வைடி கீழ!" என்று எகிறினார் ராஜாங்கம் சார்.

"இதுங்களும் தப்பில்லாமதான் எழுதியிருக்குதுங்க சார்." அவள் முதல் தாளைப் பார்த்து, "முனியன்" என்றாள்.

காசிநாதன் வாசலைப் பார்த்தார். சேற்றுக் காலோடு வேடியப்பன் இன்னும் அங்கேயே நின்றார். காசிநாதன் எழுதினார்.

"மார்ச் மாசம் பரீட்சை வரும்டி. அப்ப பாக்கறேன் உன்ன" என்றார் ராஜாங்கம் சார்.

"பாருங்க சார்" என்ற சாலம்மாள் அடுத்த தாளைத் திருப்பினாள். "கொளஞ்சியப்பன்."