சூசாமிருக்கு ஓடிபி வரவில்லை

கொச்கோர் பால் கொள்முதல் நிலையத்தில் வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒருவன், போகிற போக்கில் ஒரு வாரத்துப் பால் கணக்கை அழித்துவிட்டுப் போனான். அவன்தான் செய்தான் என்று நிரூபிக்கவும் வழியில்லை. அந்த நிலையத்தில் எல்லோருக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். அதுவும் கணினித் திரையின் ஓரத்திலேயே ஒட்டியிருந்தது.

தலைநகர் பிஷ்கெக்கில் இருந்த தலைமை அலுவலகத்தில் கணினிப் பிரிவு மீரிமின் பொறுப்பு. முதலாளி தொக்தோசுன் அவளைக் கூப்பிட்டார்.

"ஆளுக்கொரு கணக்கு வேணும். யாரு எப்ப உள்ள வந்தாங்கன்னு தெரியணும். வேலையை விட்டவன் அன்னிக்கே வெளிய நிக்கணும். அதுக்குத் தோதான சாஃப்ட்வேரா பாத்து எடும்மா."

மீரிம் பலவற்றை அலசிக் கடைசியில் இரண்டில் வந்து நின்றாள். ஒன்று, உள்ளே நுழையும்போதெல்லாம் கைபேசிக்கு ஓடிபி அனுப்பிக் கேட்கும். மற்றொன்றில், சாவிக்கொத்தில் மாட்டக்கூடிய சிறிய வில்லை ஒன்றைக் கணினியில் செருக வேண்டும். முதலாவது அண்டை நாட்டு அஸ்தானாவில் இருக்கும் நிறுவனத்துடையது. அதை விளக்கிக் காட்ட வீடியோ அழைப்பில் வந்தவன் ஏர்மெக்.

காதோரம் நரைத்திருந்தது. பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமும் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

"மீரிம்... நல்லா இருக்கியா?"

பக்கத்திலிருந்த முதலாளி புருவத்தைத் தூக்கினார். "முன்னாடியே பழக்கமா?"

"ஒண்ணாப் படிச்சோம், பாய்கே" என்றாள், அண்ணன் முறை வைத்து. சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான். படிப்பு முடிந்து நான்கு வருடம் ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேஜையில் இருந்தார்கள். அவனுக்கு அஸ்தானாவில் வேலை கிடைத்தபோது வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போனாள். போகாதே என்று அவள் சொல்வாள் என அவன் நின்றான். கூட வா என்று அவன் சொல்வான் என அவள் நின்றாள். "குளிருது, தொப்பியைப் போட்டுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வீடு திரும்பினாள். அதன்பிறகு அவனுக்குத் திருமணமானதும், ஒரு பெண் பிறந்ததும், மனைவி பிரிந்து போனதும் யார் யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"எங்களோடதை எடுத்தா, அங்க வந்து எல்லாத்தையும் அமைச்சுக் குடுக்க ரெண்டு மாசம் ஆகும். நான்தான் வருவேன்" என்று சொல்லி ஏர்மெக் அன்றைய பேச்சை முடித்தான்.

வரப்போகும் அந்த இரண்டு மாதத்தின் நினைப்பு அவளைப் படுத்தி எடுத்தது. எர்கிந்திக் சாலை மரங்களுக்குக் கீழே அவனோடு நடப்பதுபோல, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு இறைச்சி வைத்த சம்சாவைப் பிட்டு அவன் ஊதுவதுபோல நினைத்துக்கொண்டே பேருந்தில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனாள். ஒப்பீட்டு அறிக்கையில் ஓடிபியின் நிறைகள் தாமாகவே நீண்டன. ஏதாவது சந்தேகத்தைச் சாக்காக வைத்துத் தினமும் அவனை அழைத்தாள்.

"வில்லைக்காரன்கிட்ட ஒரு தடவை பேசினே. அஸ்தானாக்காரன்கிட்ட தினம் பேசுறே. அவ்வளவு சந்தேகமாம்மா உனக்கு?" என்றார் முதலாளி. அவள் காதுமடல் சூடானது.

அக்டோபரில் இரண்டையும் சோதித்துப் பார்க்க மலைக்கு அப்பால் சூசாமிர் நிலையத்துக்குப் போனாள். முந்தின இரவு அடித்த காற்றில் மின்சாரம் போயிருந்தது, கைபேசி கோபுரமும் செத்திருந்தது. கணினி பேட்டரியில் ஓடியது. ஓடிபி வரவில்லை. நிலையத்தைக் கவனிக்கும் புருல் வேலிமேல் ஏறிக் கைபேசியை வானத்துக்குக் காட்டினாள். பால் கேன்களோடு நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி அவளை அக்கா முறையில் கூப்பிட்டாள்.

"எஜே, இறங்கு! மேல இருக்கிறவர்கிட்டயா ஓடிபி கேக்குற?"

"எங்க மாடு ஓடிபி கேக்காமத்தான் பால் குடுக்குது. உங்க பொட்டிக்கு என்ன இவ்வளவு கிராக்கி?" என்றாள் இன்னொருத்தி மீரிமிடம்.

மீரிம் பையிலிருந்து வில்லையை எடுத்துச் செருகினாள். அதற்கு வெளித் தொடர்பு தேவையில்லை, அந்தக் கணினியிலேயே சரிபார்த்துக்கொண்டது. திரை உடனே திறந்தது. புருல் கைதட்டினாள். மீரிமுக்கோ அந்த இரண்டு மாதம் கைநழுவிப் போவது தெரிந்தது.

திரும்பும் வழியில், கணவாயைத் தாண்டி இறக்கத்தில் சிக்னல் கிடைத்ததும் வண்டியை ஓரங்கட்டி ஏர்மெக்கை அழைத்தாள்.

"ஓடிபி வரலை. மத்தியானம் வரைக்கும் டவரே இல்லை."

"அடிக்கடி இப்படி ஆகுமா?"

"குளிர்காலத்துலதான். சமாளிச்சுக்கலாம்னு எழுதிடறேன்."

"சமாளிக்க முடியாது, மீரிம். உனக்கே தெரியும். வில்லையையே எடு."

"உன் கம்பெனியில தெரிஞ்சா உன்னைத் திட்டமாட்டாங்களா?"

"திட்டட்டும். பனியில பால் கேனோட நிக்கிறவங்க என்னைத் திட்டாம இருந்தாச் சரி."

"அப்போ நீ வரமாட்டே."

அவன் தொண்டையைச் செருமினான். ஒரு லாரி இரைந்துகொண்டு அவள் வண்டியைக் கடந்து போனது.

வில்லையே வந்தது. நவம்பருக்குள் எல்லா நிலையங்களிலும் ஆளுக்கொரு கணக்கு திறந்தாயிற்று. புருல் தன் வில்லையைக் கழுத்தில் தாயத்துபோல மாட்டிக்கொண்டாள். முதலாளிக்குப் பரம திருப்தி.

அழைப்பதற்குச் சாக்கு எதுவும் இல்லாமல் போனது. ஆனாலும் டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏர்மெக் அழைத்தான். அடுத்த ஞாயிறும் அழைத்தான். அஸ்தானாவின் குளிர், மகளின் பள்ளிக்கூடம், அவன் கருக்கிவிட்ட சோறு என்று ஏதேதோ பேசினார்கள். வருவதைப் பற்றி அவன் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒருநாள், அவன் விடைபெறப்போகும் சமயத்தில், மீரிம் சொன்னாள். "ஏர்மெக், இங்க வா. வேலை எதுவும் இல்லை. சும்மா வா."

மறுமுனையில் அவன் தொண்டையைச் செருமினான்.

"இதை அன்னிக்கு ரயில் ஸ்டேஷன்லயே சொல்லியிருக்கலாம்" என்றான், சிரிக்கப் பார்த்து, சிரிக்க முடியாமல்.

"சொல்லத் தெரியலை."

"பொண்ணுக்கு மே கடைசியிலதான் லீவு. அவளையும் கூட்டிட்டு வரேன்."

அவன் வைத்த பிறகும் கைபேசி அவள் கையிலேயே இருந்தது. வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. மே மாதம் எங்கோ தொலைவில் இருந்தது.